புள்ளி

ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
சீட்டு விழுந்ததில் எண்பது,
வளையல் ஒன்று பேங்கில் போய்ப் படுத்ததில் மீதி.
இதற்குமேல் ஒரு ரூபாய் என்றாலும்
இறங்கி நடக்க வேண்டியதுதான்.

புரோக்கர் சோபிதராஜ் முதலில் காட்டியது
குளச்சலில் ஒரு ஆல்டோ.
வெள்ளை. பார்க்கக் கொள்ளாம்.
"டாக்டர் ஓட்டுன வண்டியாக்கும் அக்கா,
ஞாயித்துக்கிழமை பூசைக்கு மட்டும் எடுப்பாரு."
இந்த ஜில்லாவில் விலைக்கு வரும் கார் எல்லாம்
டாக்டர் ஓட்டியது,
ஞாயிறு மட்டும் ஓடியது.
குனிந்து மிதியடியைத் தூக்கினேன்.
தகரம் பப்படம்போல் பொரிந்திருந்தது.
விரலை வைத்தேன். விரல் உள்ளே போனது.
இருநூறு அடிக்கு அப்பால் கடல்
ஒன்றும் தெரியாததுபோல் இரைந்துகொண்டிருந்தது.

அடுத்தது களியக்காவிளை.
கேரளா நம்பர் சாண்ட்ரோ, எழுபத்தைந்துதான்.
பெனட் முகத்தில் விளக்கு எரிந்தது.
தடையில்லாச் சான்று, இங்கே வரி, புது நம்பர், ஆபீஸ் நடை...
கணக்குப் போட்டபடி வந்து
மார்த்தாண்டம் பாலம் ஏறி இறங்குமுன்
எழுபத்தைந்து ஒண்ணேகால் ஆகிவிட்டது.
விளக்கு அணைந்தது.

நான் கேக் செய்கிறவள்.
பெனட் ஸ்கூட்டி ஓட்ட, பின்னால் நான்,
மடியில் பெட்டி.
கருங்கல் ரோட்டில் ஒரே ஒரு குழி.
மூன்றடுக்கு, ரெண்டரை அடுக்காகப் போய்ச் சேர்ந்த வீட்டில்
பெண்ணின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை,
பாதிப் பணத்தை எண்ணி வைத்தாள்.
அன்றைக்கே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

ஆகவே சோபிதராஜ் மைலேஜ் பற்றிப் பேசும்போது
நான் இஞ்சு டேப்பை எடுப்பேன்.
பலகை பதினாறு, உயரம் பதினெட்டு.
பின்சீட் மடங்குமா?
அவன் பதிலை பெனட்டிடம் சொல்வான்.

மூன்றாவது ஆசாரிப்பள்ளத்தில்,
ரிட்டயர்டு நர்ஸ் புஷ்பலீலாவின் வேகன் ஆர்.
பதினேழு வயசு. எப்சி இன்னும் மூன்று வருஷம்.
கதவில் தென்னைமட்டை விழுந்த நெளிவு.
பிரிட்ஜ் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றி
சுற்றிலும் வைத்துப் பார்த்தேன்.
ஒட்டியது, ஒட்டியது, பின்சக்கரத்துக்கு மேலே வழுக்கியது.
"அங்க புட்டி. பசு முட்டிச்சு" என்றார் அவராகவே.
"ஏசியும் வேலை செய்யாது."
சோபிதராஜ் கண்ணால் அவர் வாயை மூடப் பார்த்தான்.

"ஓட்டிப் பாக்கட்டா?" என்று கேட்டுவிட்டு
ஸ்கூட்டியிலிருந்து பெட்டியை இறக்கினேன்.
நின்றுபோன ஒரு நிச்சயதார்த்தத்தின் கேக்.
அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவும் இல்லை,
கேக்கை வாங்க வரவும் இல்லை.
மெர்லின், அஜின் என்று ரோஸ் கிரீமில் என் கையெழுத்து.

பார்வதிபுரம் வரை,
குழாய்க்குத் தோண்டிப் போட்ட ரோடாகப் பார்த்து,
செகண்ட் கியரில்.
பெனட் பின்னால் திரும்பியே உட்கார்ந்திருந்தார்,
தூங்கும் பிள்ளைக்குக் காவல்போல.
ஒரு குழியில் கீழே ஏதோ டக் என்றது.
ரெண்டாயிரம், என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

திறந்தோம்.
மெர்லின் அப்படியே இருந்தாள்.
அஜினின் கடைசிப் புள்ளி மட்டும்
சறுக்கி ஓரத்தில் கிடந்தது.

புஷ்பலீலா கத்தி கொண்டுவந்தார்.
நாலுபேரும் நின்றபடி தின்றோம்.
அதுவரை யாரும் விலை பேசவில்லை.
பிறகு பேசினோம், முக்கால் மணி நேரம்.
ஒண்ணு இருபத்தைந்தில் ஆரம்பித்தவர்
பத்தொன்பதரையில் நின்றுகொண்டார்.
மிச்ச ஆயிரத்தைந்நூறுக்கு ரெண்டு கேக்:
ஈஸ்டருக்கு ஒன்று, பேரன் புதுநன்மைக்கு ஒன்று.
சோபிதராஜ் கமிஷனை நினைத்து இருமினான்.
அடுத்த மாசம், என்றேன்.
மூலைத் துண்டை வெட்டிக் கையில் கொடுத்தேன்.
சிரிக்கவில்லை, ஆனால் தின்றான்.

ஏசி இல்லை.
கிரீம் உருகுமுன் போய்ச் சேர
இனி விடியுமுன் கிளம்ப வேண்டும்.
பெட்ரோல் முள் சிவப்பில் கிடந்தது.
கண்ணாடியில் பார்த்தேன்.
பின்னால் பெனட், ஸ்கூட்டியில் தனியாக,
வெறும் வண்டியை
ஒவ்வொரு குழியிலும் பையப் பைய
இறக்கி ஏற்றிக்கொண்டு வந்தார்.