அட்டை

ஸ்டோருக்கு அட்டை செய்கிறேன் என்று
போனில் சொன்னதும் அம்மா சிரித்தாள்.
"ஸ்டோருக்குள்ள ஏது புள்ள அட்டை,
கொழுந்துச் சாக்கோட வந்தாத்தான் உண்டு."
எங்கள் தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலை ஆலை.
அட்டை என்றால் காலில் ஏறுவது.

ஹட்டனில் போன் திருத்தும் கடைக்கு மேல்மாடி.
ஒரு ஜன்னல், ஒரு பிளக், ஆறு சார்ஜர்.
பதினொரு நாளாய் ஒரே படம்.
விளையாட்டின் பெயர் 'பெரட்டுக் களம்':
நான்கு பேர், நான்கு வீடுகளிலிருந்து,
பனி ஏறிவரும் மலையில்
ஒரு கூடையைக் கீழே விடாமல்
ஆளுக்கொரு மூலை பிடித்து இறக்க வேண்டும்.
ஒருத்தர் கை நழுவினால் நான்கு பேருக்கும் அரைப்பேர்.
அந்தக் கணக்கை எழுதிய ரெஜினோல்டின் அப்பா
நிஜத்திலும் அரைப்பேர் வாங்கியவர்.

முதல் படத்தில் எல்லாம் இருந்தது.
ஏழு மடிப்பு மலை, அருவி, ரயில் பாலம்,
லயத்துக் கூரையின் துரு,
நால்வர் கன்னத்திலும் தனித்தனி வியர்வை.
ரிஸ்மி அதை நகமளவு சுருக்கி
நூறு விளையாட்டுகளின் நடுவில் வைத்தான்.
மழையில் கரைந்த வெற்றிலை எச்சில்.
பெயரில் முதலில் செத்தது புள்ளி.
'பெரடடு' என்று திக்கியது திரை.

இரண்டாவது, கொழும்பிலிருந்து காசு போடுகிறவர் கேட்டது.
ஒரே ஆள். முதுகு காட்டி நிற்க வேண்டும்.
கையில் கவ்வாத்துக் கத்தி, கீழே பள்ளத்தாக்கு.
"இதுதான் விற்கும்."
விற்கும்தான்.
அதைப் பார்த்து வாங்கியவன் தனியாக வருவான்,
உச்சிக்கு ஓடி
கத்தியைச் சுழற்றிக்கொண்டு நிற்பான்.
கீழே பனிக்குள் மூன்று பேர்
சாய்ந்த கூடையோடு
அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிறு, வீட்டுக்குப் போனேன்.
நோர்வூட்டில் பஸ் இறங்கிக் குறுக்குப்பாதை. மழை.
வாசலில் நுழையும்போதே, அடுப்படியிலிருந்து அம்மா:
"கால்ல ரத்தம்."
பன்னிரண்டு அடி தூரம், மங்கல் பல்பு,
அவளுக்கோ கண்ணில் பூ விழுந்திருக்கிறது.
குனிந்து பார்த்தேன்.
வெள்ளைக் காலுறையில் மிளகளவு சிவப்பு.
குடித்து முடித்தவன் எப்போதோ விழுந்து போயிருந்தான்.

சவர்க்காரம் தேய்க்க விடாமல்
காலுறையைக் கழற்றி
சுவரில் ஆணியில் மாட்டி
தள்ளிப் போய்ப் பார்த்தேன். இன்னும் தள்ளி.
பக்கத்து வீட்டுக் கோடி வரைக்கும் போய்ப் பார்த்தேன்.
"படிச்சதுக எல்லாம் இப்பிடித்தான்" என்றாள் அம்மா.

திரும்பிவந்து மலையை அழித்தேன்.
அருவி, பாலம், கூரை, வியர்வை.
'களம்' என்ற சொல்லையும்.
மிஞ்சியது பனி, முழுக்கப் பனி.
நடுவில் ஒரு கூடையின் கறுத்த விளிம்பு,
சட்டகத்துக்கு வெளியிலிருந்து நீளும் கைகள்.
'பெரட்டு' என்று ஐந்து விரல் தடிமனில்.
ட் மேல் இருக்கும் புள்ளி மட்டும் சிவப்பு.

"கை மூன்றுதான் இருக்கிறது" என்றார் கொழும்பு.
"வலது கீழ்மூலை காலி. மறந்துவிட்டீர்களா?"
போனைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்றேன்.
எடுத்தாரா தெரியாது.
எதிர்முனையில் கொஞ்ச நேரம் காற்றாடிச் சத்தம்.
பிறகு வேறு விலாசத்துக்கு இன்வாய்ஸ் அனுப்பச் சொன்னார்.

வெளியிட்ட இரவு ஒன்பது நாற்பது.
ரெஜினோல்ட், ரிஸ்மி, நான்
களத்தில் நிற்கிறோம்.
கூடை ஒரு பக்கம் சாய்ந்தபடி.
கரண்ட் ஒரு தடவை போய் வந்தது.
பதுளையிலிருந்து, யாரோ, பிங் முந்நூற்றுப் பத்து,
'லீலா_7' என்று பேர் விழுந்தது.
ஒன்றும் பேசவில்லை.
விக்கி விக்கி நடந்துவந்து
மூலையைப் பிடித்தது அந்த உருவம்.

கணுக்கால் இன்னும் அரிக்கிறது.