நாற்காலி போட்டுப் பார்த்த இடம்

பதினொரு வீடுகளை இழுத்திருக்கின்றன என் மாடுகள்.
வீட்டைக் கட்டிப்பார் என்று சவால் விடுகிறவர்கள்
சிலோயே தீவுக்கு வந்து
ஒரு வீட்டை இழுத்துப் பார்க்கட்டும்.

இங்கே சிலர் வீடு மாறுவதில்லை,
வீட்டோடு இடம் மாறுகிறார்கள்.
பலகை வீடு, அடியில் உருளைக்கட்டை,
முன்னால் எட்டு ஜோடி மாடு,
பின்னால் கத்துவதற்கென்றே ஊர்.
கூலி கிடையாது.
உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கள்ளும்
வயிறு முட்ட.

எங்கே வைக்கலாம் என்ற கேள்விதான்
வீட்டைவிடக் கனம்.
ரோட்டோரம் என்பான் ஒருவன்.
மாமியாரிடமிருந்து தள்ளி என்பாள் ஒருத்தி.
எவ்வளவு தள்ளி?
மாடு களைக்கும்வரை.

ஒட்டீலியா மன்சீயா
சால்மன் ஆலையில் மீன்முள் பிடுங்குகிறவள்.
ஒரு குளிர்காலம் முழுக்க, ஞாயிறுதோறும்
படகில் ஒரே ஒரு நாற்காலியை ஏற்றிக்கொண்டு
எதிர்க்கரைக்குப் போனாள்.
ஓரிடத்தில் போட்டு உட்காருவாள்.
மழை வந்தால் மழையில்.
பிறகு நாற்பது அடி தள்ளிப் போட்டு
மறுபடி உட்காருவாள்.
பைத்தியம் என்றது ஊர்.
நாற்காலியாவது முழுசாகத் திரும்பி வருகிறதே
என்றான் அவள் கணவன் ஃபுரோய்லான்.

நான் கேட்டேன். சொன்னாள்:
ஜூன் மாதம் இந்தக் கரையில்
மூன்று மணிக்கே மலை வெயிலைத் தின்றுவிடுகிறது.
அங்கே நாலே முக்கால்வரை இருக்கிறது.
நான் ஆலையிலிருந்து வருவது
மூன்றரைக்கு, எராஸ்மோ.

அதற்குமேல் என்ன கேட்க.

பிப்ரவரியில் ஓதம் ஏறிய ஒரு பிற்பகல்,
சன்னல் கண்ணாடிகளைக் கழற்றினோம்,
கதவைக் கயிற்றால் கட்டினோம்.
காலிப் பீப்பாய்களை இடுப்பில் கட்டிக்கொண்டு
நீச்சல் பழகும் பையனைப்போலக்
கூசிக் கூசிக் கடலில் இறங்கியது வீடு.
இனி மோட்டார் படகுகளின் பாடு.
லுசேரோவும் கப்பித்தானும்
வயிறுவரை தண்ணீரில் நின்று
தங்கள் வேலை மிதந்து போவதைப் பார்த்தன.

பாதி வழியில் கயிறு அறுந்தது.
முடிச்சு யார் போட்டது என்று
இரண்டு படகும் சண்டை போட்ட நேரத்தில்
கடல் பின்வாங்கிவிட்டது.
எங்கள் கடல் அப்படித்தான்,
நாலு ஆள் உயரம் இறங்கும், சொல்லிக்கொள்ளாமல்.
நடு ஜலசந்தியில், ஒரு மணல்திட்டில்,
லேசாகச் சாய்ந்து
உட்கார்ந்துகொண்டது வீடு.

ஊர் இரண்டு கரையிலும் நின்று யோசனை சொன்னது.
ஃபுரோய்லான் எல்லாப் புனிதர்களையும்
பெயர் சொல்லித் திட்டினான்.
ஒட்டீலியா ஒன்றும் பேசவில்லை.
படகில் நாற்காலியை ஏற்றினாள்.

கொஞ்ச நேரத்தில்
புகைபோக்கியிலிருந்து புகை.
எந்தக் கரையிலும் இல்லாத ஒரு வீட்டில்
யாரோ காப்பி போடுகிறார்கள்.

புதுக் கயிறு கொண்டுபோனவன் நான்.
இரண்டு கரையும் இருட்டிவிட்டன.
அவள் மேற்குச் சன்னலருகே உட்கார்ந்திருந்தாள்,
மடியில் வெயில்.
சாய்ந்த தரையில் நாற்காலி வழுக்காமலிருக்க
ஒரு காலுக்கடியில் செருப்பு.
கயிற்றை அப்புறம் கட்டு என்றாள்.
கட்டாமல் நின்றேன்.
அது போனபிறகு எழுந்து
பென்சிலால் சுவரில் ஏதோ எழுதினாள்.

விடிவதற்குமுன் தண்ணீர் வந்து தூக்கியது.
எதிர்க்கரையில் ஏற்றி வைத்தோம்.
நாற்காலிக் கால்கள் பதிந்த நாலு குழி,
அதன்மேல் சன்னல் வரவேண்டும் என்று
ஒரு சாணுக்காக
இரண்டு மணி நேரம் மாடுகளை வாட்டினாள்.
இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். நிறுத்து.

பிறகு ஒருமுறை அங்கே சாப்பிடப் போயிருந்தேன்.
மூன்றரை மணி வெயில் மேசைமேல் இருந்தது,
ஒப்பந்தப்படி.
சுவரில் பென்சில் எழுத்து:
எட்டு ஐம்பத்தொன்று.

என்ன கணக்கு இது, யாருக்காவது
பாக்கி தரணுமா என்றான் ஃபுரோய்லான்.
வெள்ளையடிக்கும்போது
அந்த இடத்தை மட்டும் விட்டுவிடு என்றாள் அவள்,
எனக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றியபடி.