பி-யா, கே-யா

டிசம்பர். காலை பத்து மணி.
ஜன்னலில் இன்னும் இருட்டு.
ஃபியோர்டின் அக்கரையில் மீன் ஆலை விளக்குகள் மட்டும்.
பூட்ஸைக் கதவோரம் கழற்றிப் போட்டுவிட்டு
எட்டாம் வகுப்பு காலுறையோடு உள்ளே வருகிறது,
மொத்தம் பதினோரு பேர்.
கணினிகள் ஐந்து. ஒன்றில் விளையாட்டு ஓடும்.
அதற்குத்தான் எப்போதும் அடிதடி.

இன்றைய பாடம், நூலகப் பட்டியலில் தேடுவது.

ஸ்டுர்லா முழுக் கேள்வியையும் தட்டுகிறான்:
'முந்தாநாள் எங்கள் செம்மறி ஏன் செத்துப்போச்சு?'
முடிவுகள்: பூஜ்யம்.
அதற்கு மனசு இருக்கிறது, காதுதான் சின்னது
என்று சமாளிக்கிறேன்.
கேள்வியைச் சுருக்கு.
முந்தாநாளை எடு. எங்களை எடு.
ஏனையும் எடுத்துவிடு.
மிஞ்சியது செம்மறி. பக்கத்தில் நோய் என்று சேர்.
பதினான்கு புத்தகங்கள்.

அவன் திரையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான்.
'அவளுக்குப் பெயர் இருந்தது' என்கிறான்.
பெயரை அங்கே போடாதே.

இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்:
கேள்வியிலிருந்து உன்னைக் கழி,
விடை வரும்.

ஸோல்ரூன் தன் பெயரையே தேடி
எப்போதோ செத்துப்போன ஒரு ஸோல்ரூனைக் கண்டெடுத்தாள்.
தையல் பற்றி எழுதியவளாம்.
'எனக்கு ஊசி கோக்கவே வராதே' என்று
அவள் தலையில் அடித்துக்கொள்ள,
பின்வரிசை அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

அடுத்தது ஆசிரியர் பெயர்.
ஐஸ்லாந்தில் நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை.
பெயர்தான் பெயர். பின்னால் ஒட்டியிருப்பது
யார் பெற்ற பிள்ளை என்கிற சேதி, அவ்வளவே.
அதனால் அலமாரியில் நாம் முதற்பெயரில் நிற்போம்,
வெளிநாட்டார் குடும்பப் பெயரில்.
இதைச் சொல்லும்போது பலகையில் ஒரு கோடு கிழிப்பேன்.
இந்தப் பக்கம் நாம்,
அந்தப் பக்கம் அவர்கள்.
பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

போக்னா கென்ஜெர்ஸ்கா கையைத் தூக்குகிறாள்.
அம்மா போலந்திலிருந்து வந்தவள்,
அக்கரை ஆலையில் காட் மீனுக்கு முள்ளெடுப்பவள்.
இவள் பிறந்தது இதே ஊரில், ஒரு பனிப்புயல் நாளில்.
மருத்துவச்சி பனி வாரும் வண்டியில் வந்து இறங்கிய கதை
எல்லோருக்கும் தெரியும்.

'நான் ஒரு புத்தகம் எழுதினால்
பி-யா, கே-யா?'

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் சங்கடம்.
விதிப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.
ஆசிரியரின் நாட்டு வழக்கப்படி, என்றிருந்தது.
'எந்த நாடு?' என்றான் ஸ்டுர்லா,
கேட்கவேண்டியவள் அவன் இல்லை என்றாலும்.
விதிப்புத்தகத்தில் அதற்குமேல் ஒரு வரிகூட இல்லை.

போக்னாவே ஒரு வழி சொன்னாள்.
பி-யில் ஒரு சீட்டு: கே-யைப் பார்க்கவும்.
கே-யில் ஒரு சீட்டு: பி-யைப் பார்க்கவும்.
'அப்புறம் புத்தகம் எங்கேதான் இருக்கும்?
தேடுகிறவர் சுற்றிச் சுற்றியல்லவா வருவார்?' என்றேன்.
'வரட்டுமே' என்றாள்.

மணி அடித்தது.
பதினோரு ஜோடி பூட்ஸில்
எது யாருடையது என்று கதவோரம் சண்டை.
போகிற போக்கில் அவள்
சுறாக்களைப் பற்றிய தடிப்புத்தகம் ஒன்றை நீட்டினாள்.
இரவல் பதிய அவள் பெயரைத் தட்டினேன்.
மாணவர் பட்டியலில் அவள் பி-யில் இருந்தாள்,
பிரின்யாருக்கு மேலே,
ஆறு வயதிலிருந்து அங்கேயேதான்.
வாங்கிப் படிக்கிறவரை
கணினி ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அடுத்து ஒன்பதாம் வகுப்பு வரவேண்டும்.
பலகைக் கோட்டை அழித்தேன்.
ஈரத்துணி இல்லாமல் முழுசாகப் போகவில்லை.