பழுப்பு

சாவி கொடுக்கும்போதே சொன்னாள் போஹ்தானா:
நாளுக்கு ஒரு சிட்டிகை. மற்றதைத் தொடவேண்டாம்.
முழங்கால் அறுவைக்குப் பதினோரு நாள் ஆஸ்பத்திரி.
நான் அவளுக்குக் கீழ்த்தளம்.
ஒஸ்ட்ராவா டிராம் பணிமனையில் பிரேக் பிரிப்பவன்.
அழுக்கென்றால் எனக்குக் கை அரிக்கும்.

ஆறாம் நாள் வடிகட்டியைத் திறந்தேன்.
உள்ளே பஞ்சு
கொழகொழவென்று, சாக்கடை நிறத்தில்.
பார்த்தவன் நான், வெட்கப்பட்டதும் நானே.
இவ்வளவு நேர்த்தியான பெண் இதையா
வரவேற்பறையில் வைத்திருக்கிறாள்?

சமையலறைக் குழாயில் சுடுநீர்.
பிழிந்தேன், பிழிந்தேன்,
பஞ்சு புதுப்பல் போல் வெளுக்கும்வரை.
கூழாங்கற்களை வாளியில் கொட்டிக் குலுக்கினேன்.
பழைய நீர் மொத்தமும் கழிப்பறையில்.
புதுநீர் நேரே குழாயிலிருந்து.
கண்ணாடிக்குச் செய்தித்தாள்.
தள்ளி நின்று பார்த்தேன்:
தொட்டி இருப்பதே தெரியவில்லை.
பத்தொன்பது மீன்கள் காற்றில் தொங்கின.

சுத்தம் சோறு போடும்.
போடும்தான்.
மூன்றாம் நாள் தண்ணீர்
அரிசி களைந்தது போல் கலங்கியது.
மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நின்றன.
பசி என்று நினைத்து
இன்னொரு சிட்டிகை போட்டேன்.

ஊன்றுகோலோடு வந்தவள் கத்தவில்லை.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
சோதனைக் குழாயில் ஐந்து மில்லி எடுத்தாள்,
சொட்டு மருந்து எண்ணி விட்டாள், குலுக்கினாள்.
ஐந்து நிமிடம் இருவரும் பேசவில்லை.
மஞ்சள் பச்சையானது. பச்சை கரும்பச்சையானது.
பச்சை என்றால் போகலாம் என்றுதான்
இருபத்தாறு வருடமாய் எனக்குத் தெரியும்.

என்ன கழுவினீர்கள், ராதிம்?
எல்லாம்.
எல்லாரையும், என்று திருத்தினாள்.

அந்தப் பழுப்பில் இருந்தார்களாம்.
மீன் கழிக்கும் நஞ்சைத் தின்று
வேறொரு நஞ்சாக்குபவர்கள் ஒரு கூட்டம்.
அதைத் தின்று
செடிக்கு ஆகும் உப்பாக்குபவர்கள் இன்னொரு கூட்டம்.
இரண்டு ஷிஃப்ட். விடுமுறை கிடையாது.
இரண்டையும் ஒரே மதியத்தில்
வேலையை விட்டுத் தூக்கியிருக்கிறேன்.

நகரத்தின் மறுகோடியில்
முடி வெட்டும் ஹெட்விகாவிடம் எட்டு வருடத் தொட்டி.
தன் பஞ்சில் பாதியை வெட்டித் தந்தாள்,
கத்தரி அதேதான்.
வெளியே மைனஸ் பதினொன்று.
குளிர்ந்தால் செத்துவிடுவார்கள் என்று
பிளாஸ்டிக் பையைச் சட்டைக்குள், வயிற்றோடு.
டிராமில் பக்கத்தில் இருந்தவர் மோந்து பார்த்து
எழுந்து போனார்.
குளத்துச் சேற்று வாசம்.
ஒன்பது நிறுத்தமும் நான் அசையவில்லை.

அதன்பிறகு தினமும் கால்பங்கு நீர் மாற்றம்.
அவளால் தூக்கமுடியாது, நான் தூக்கினேன்.
குளோரின் போக வாளியை ஓர் இரவு திறந்து வைப்பது,
மணிக்கட்டில் ஊற்றிச் சூடு பார்ப்பது,
சாப்பாட்டை இரண்டு நாளுக்கு ஒருமுறையாகக் குறைப்பது.
நான்கு நியான், ஒரு கோரி.
கோரிதான் கடைசி, கல்லில் சாய்ந்தபடி.
குறிப்பேட்டில் தேதியோடு எழுதியிருக்கிறேன்,
யாரும் கேட்காமலேயே.

பச்சை வெளிறியது. ஊதா ஏறியது.
பன்னிரண்டு நாள் ஊதா இறங்கவில்லை.
இரண்டாவது ஷிஃப்ட் இன்னும் வரவில்லை என்றாள்
கெட்டிலை அடுப்பில் வைத்துக்கொண்டே.
எனக்கும் கோப்பை எடுத்தாளா என்று
திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

ஒரு வியாழன் காலை இரண்டு குழாய்கள் ஜன்னலோரம்.
ஒன்று மஞ்சள்.
ஒன்று வெளிர்நீலம், பனி நின்ற நாளின் வானம்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
குழாய்களைக் கழுவி என் கையில் துடைக்கத் தந்தாள்.
அதை மட்டும் கழுவலாம்.

இப்போது மாதம் ஒருமுறை
தொட்டியிலிருந்தே எடுத்த பழைய நீரில்
பஞ்சை இரண்டே முறை, மெதுவாக அழுத்துகிறேன்.
பழுப்பு அப்படியே இருக்கிறது.
கை அரிக்கிறது.
பஞ்சைத் திரும்ப வைத்து மூடிவிட்டு
கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.