சாய்வு

லிப்டன் சுற்றுவட்டத்தில் நுழைந்தால்
என் மொறிஸ் மைனர் முதலில் யோசிக்கும்.
ஸ்டீயரிங்கை வெட்டியபின்
ஒன்று, இரண்டு என்று நான் எண்ணி முடிக்க
இடத்தோளைத் தாழ்த்தி
காற்றில் மடங்கிய குடைபோல் சரிந்து
பின்னால் வரும் ஓட்டோக்காரர்களின் வசவோடு
கண் ஆஸ்பத்திரியைக் கடக்கும்.

எக்ஸ்ரே எடுப்பது என் தொழில்.
உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று
பாராமல் இருக்க வராது எனக்கு.
ஞாயிறு காலை பழைய பாயை விரித்து
கீழே ஊர்ந்து படுத்தேன்.
ஷொக் நான்கும் சளிபிடித்த பிள்ளைகள் மாதிரி
எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தன.
றப்பர் புஷ்கள் தொட்டதும் உதிர்ந்தன.
பின்வில்லில் ஏழு தகடு,
நான்காவது ஒடிந்திருந்தது.
எத்தனை வருடமோ,
மற்ற ஆறும் அதை நடுவில் வைத்துக்கொண்டு
வெளியே காட்டாமல் வேலை செய்திருக்கின்றன.

பஞ்சிகாவத்தையில் மிஹ்ளார் சிரித்தான்.
"இது ஓடுறதே பெரிய விசயம் மிஸ்.
ரேஸுக்கா போகப் போறீங்க?"
"இல்லை. திரும்ப."

மாருதியின் ஷொக் பொருந்துமாம்,
தாங்கியை மட்டும் வெட்டி ஒட்டவேணுமாம்.
சிவப்பு நிறத்தில் கெட்டிப் புஷ்கள்,
அதிரசம்போல் உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.
வில்லைக் கிராண்ட்பாஸுக்கு அனுப்பி
புதுத் தகடு போட்டு வளைவு குறைத்து
ஓரங்குலம் இறக்கலாம்.
கடைசியாக ஒரு கம்பி, பன்னா வடிவில்:
முன்சக்கரம் இரண்டையும் குறுக்கே கட்டும்,
ஒரு பக்கம் சாயப் பார்த்தால்
மறு பக்கம் பிடித்து இழுக்கும்.
"அது பூட்டினா வண்டி மேசை மாதிரி நிக்கும் மிஸ்."
சம்பளத்தில் ஒன்றரை மாதம்.
சரி என்றேன்.

வியாழன் மாலை எல்லாம் முடிந்தது,
கம்பியின் கிளிப் மட்டும் வரவில்லை.
மழை விட்ட ரோட்டில்
நேரே சுற்றுவட்டத்துக்குப் போனேன்.
கை அசைந்தது, மூக்கு அசைந்தது,
நடுவில் யோசனை இல்லை.
இன்னொரு முறை சுற்றினேன்.
மூன்றாவதில் பொலிஸ்காரர்
விசிலை வாயில் வைத்தபடி பார்த்தார்.
ஊதவில்லை.

காலி வீதி வேறு கதை.
இவ்வளவு நாளும் இதமாகப் பொய் சொன்ன ரோட்டு
ஒவ்வொரு இரும்பு மூடியையும்
என் முதுகில் எழுதிக் காட்டியது.
இடுப்பு நாலாம் என்பு.
இடுப்பு ஐந்தாம் என்பு.

வீட்டைத் தாண்டி தெஹிவளைக்குப் போய்
சுகிர்தனை ஏற்றினேன்.
அவனுக்குக் கடைக்கணக்கு முடிய எட்டாகும்.
சாப்பாட்டுப் பை மடியில்,
கண் பாதி மூடி.

இராமகிருஷ்ண வீதிக்குள்
கடலைப் பார்த்து இடது பக்கம் திரும்பும்போது
எப்போதும் அவன் தோள் என் தோளில் வந்து மோதும்,
அந்தச் சின்ன வண்டியில் வேறு எங்கே போவது?
"சொறி" என்பான்.
பதினொரு வருடத்துச் சொறிகள்.

அன்றைக்கு மோதவில்லை.
வந்தது.
புது ஷொக்கின் கணக்குப்படி
மெதுவாக, தூரம் அளந்து வந்து,
அங்கேயே கொஞ்சம் இருந்தது.
வீதி நேரானபின்னும்
அது போக அவசரப்படவில்லை.
"என்ன செய்தாய் வண்டிக்கு?"
சொறி சொல்ல மறந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மிஹ்ளார் அழைத்தான்,
கிளிப் வந்துவிட்டதாம்.
போனேன், வாங்கினேன்,
கம்பியையும் வாங்கினேன்.
"பூட்டாமலா? காசு கட்டின சாமான் மிஸ்!"
"பிறகு பார்ப்போம்."

தினகரன் தாளில் சுற்றி
டிக்கிக்குள் கிடக்கிறது அது.
இடது பக்கம் திரும்பும்போதெல்லாம்
வலது ஓரத்துக்குச் சறுக்கி
டங் என்று இடிக்கும்.

"பின்னால் என்ன சத்தம்?" என்கிறான்,
தோளை எடுக்காமல்.