பென்சிலில் எழுதியது

ஜனவரி முதல் தேதி நீல மையில் எழுதினேன்:
டிசம்பருக்குள் முட்டம் கலங்கரை விளக்கம், ஒரே ஓட்டம்.
கூட்டுறவு வங்கியில் பதினாறு வருடமாய்க் காசாளர் நான்.
கைக்கு வராத பணத்துக்கு
அதுவரை ஒரு ரசீதும் போட்டதில்லை.

மறுநாள் விடியுமுன்
மணவாளக்குறிச்சி முக்கிலிருந்து புறப்பட்டேன்.
நான்காவது மின்கம்பத்தில்
மூச்சு என்னை விட்டுவிட்டு முன்னால் போயிற்று.
கைப்பேசிச் செயலியோ
நான் நின்றுவிட்டேன் என்று நினைத்துத் தானும் நின்றுகொண்டது.
ஓடிக்கொண்டுதான் இருந்தேன், சத்தியமாய்.

"ஆரும் வெரட்டுதாவளா பிள்ளே?"
மீன் சருவத்தோடு பஸ்ஸுக்கு நின்ற ரோணிக்கம் கேட்டாள்.
இல்லை என்று சொல்லக்கூட நெஞ்சில் காற்றில்லை.

பத்தாம் நாள் முழங்கால் வீங்கியது.
நீல மையை அடிக்க மனம் வரவில்லை,
அடித்தல் திருத்தலைத் தணிக்கைக்காரர் முதலில் பார்ப்பார்.
அடுத்த பக்கத்தில், பென்சிலில்:
முட்டம் பக்கம் ஏற்றம், இப்போதைக்கு வேண்டாம்.
மண்டைக்காடு பக்கம்.
ஐந்து கம்பம் ஓட்டம், மூன்று கம்பம் நடை.
வாரத்துக்கு மூன்று நாள்.
அடுத்த வாரம் ஒரே ஒரு கம்பம் கூட.

ஒரு கம்பம் என்றால் என்ன,
ஐம்பது அடி எடுத்து வைத்தால் தீர்ந்துவிடும்.
சேமிப்புக் கணக்கின் வட்டிபோல,
யாரும் இனிப்பு வாங்கித் தரமாட்டார்கள்,
ஆனால் விழும்.

மாசிக் கொடைக்கு ரோடெல்லாம் ஆட்கள்.
பத்து நாள் பூஜ்யம். பூஜ்யம் என்றே எழுதினேன்.
ஆனிச் சாரலில் ஷூவுக்குள் கறுத்த மணல்,
பதினான்கு பதினொன்றாய் இறங்கியது.
அதையும் எழுதினேன், கொஞ்சம் சின்ன எழுத்தில்.

திரும்பி வரும்போது எதிரே, தூரத்தில்,
முட்டத்து வெளிச்சம் ஒருமுறை கண் திறந்து மூடும்.
அவசரப்படுத்தாது.
நீல மை அப்படியே இருக்கிறது,
டிசம்பர் என்ற சொல்லை மட்டும்
ஒரு துண்டுத் தாள் ஒட்டி மறைத்திருக்கிறேன்.

நேற்று இருபத்திரண்டாம் கம்பத்தருகே ரோணிக்கம்.
நிற்காமலே கேட்டேன்:
"சாளை இன்னிக்கு என்ன விலை?"
சொன்னாள்.
"இது கொள்ளையில்லா!" என்றேன்,
அதையும் ஓடிக்கொண்டே, மூச்சு முட்டாமல்.
பின்னாலிருந்து அவள் ஏதோ திட்டியது
இருபத்து மூன்றாம் கம்பம் வரை கேட்டது.