முப்பத்தொன்பதாம் நம்பர்

நூற்றறுபது டிகிரி, பன்னிரண்டு நொடி.
ஒரு முதுகில் ஒரு பெயர் ஒட்ட அவ்வளவுதான் ஆகும்.
வேலம்பாளையத்தில் எங்கள் கம்பெனி.
வருகிற அமெரிக்கக் காலேஜ் பெயர்களெல்லாம் நீளம்,
தோளுக்குத் தோள் போகும்.
நடுவில் குட்டையாய் ஒன்று வந்தது,
ஆறே எழுத்து. குரோசே.
அறுபது பீஸ். சாம்பிளோ என்று நினைத்தேன்.

ஜப்பான்காரன், என்றான் சுதாம் பெஹெரா,
பக்கத்து மெஷின், ஒடிசாவில் பந்து விளையாடியவன்.
"பேருதான் ஃபுட்பால் அக்கா.
எல்லாரும் கையில தூக்கிட்டு ஓடறானுக.
காலால உதைக்கறது இவன் ஒருத்தன்."
அப்ப மீதி நேரம்?
"ஓரமா ஒரு வலை கட்டியிருக்கும்.
அதுக்குள்ள உதைச்சுப் பார்த்துட்டே நிப்பான்."
சம்பளம் உண்டா என்று கேட்டேன்.
சுதாமுக்குத் தெரியவில்லை.

முதல் வருஷம் அவனை இறக்கவேயில்லை.

மறு வருஷம் புரட்டாசி, அங்கே நல்ல மழை,
ஐம்பத்திரண்டு கெஜம்.
யுவஸ்ரீ போனில் காட்டினாள்:
ஒருத்தன் குனிந்து பந்தை நிறுத்த,
இவன் மூன்று எட்டு பின்னால், இரண்டு எட்டு பக்கத்தில்,
ஊசியில் நூல் கோர்க்கிறவள் மூச்சை நிறுத்துகிற மாதிரி
சித்தெ நின்றான்.
பந்து போனதை நான் பார்க்கவில்லை.
முதுகைப் பார்த்தேன்.
அத்தனை மழையிலும் ஒரு எழுத்து உரியவில்லை.

மூவாயிரத்து நானூறு பீஸ்.
தீபாவளி வரைக்கும் ராத்திரி ஷிஃப்ட்.
"அந்தப் பையன் கால்ல விழோணும்" என்றார்
ஃப்ளோர் மேனேஜர் கிட்டுசாமி.
விழுந்தது நான்தான், தூக்கத்தில்,
விடிகாலை மூன்று மணிக்கு, ஒரு நொடி.
கடைசி எழுத்து கால் இஞ்சு கோணிவிட்டது.
எத்தனை பீஸில் என்று தெரியாது.
செக்கிங்கும் தாண்டி,
பெட்டி தூத்துக்குடி போய்விட்டது.

மூன்றாம் வருஷம், கடைசி ஆட்டம்.
இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை.
கார்த்திகை, கறிக்கடையில் நாலே பேர்.
கையில் போன்.
முப்பத்தேழு கெஜம், கண்ணை மூடிட்டு அடிப்பான்
என்று முந்தின நாளே சொல்லியிருந்தான் சுதாம்.
கம்பத்தில் பட்டுத் திரும்பியது.
அவனைக் காட்டவில்லை.
கூட்டத்தைக் காட்டினார்கள்,
தலையில் இரண்டு கையும் வைத்துக்கொண்டு
திரும்பி நின்ற ஒரு பொம்பளையை.
குரோசே. கடைசி எழுத்து கோணல்.
என் கை.
அரைக் கிலோவா ஒரு கிலோவா என்று
கடைக்காரர் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

ஆர்டர் ரத்து.
மிச்சம் எண்ணூறு, லேபிளை வெட்டிக்
காதர்பேட்டைக்குப் போனது, இரண்டு நூற்றைம்பது.
பொங்கலுக்குள் ஊரெல்லாம் குரோசே.
ஊத்துக்குளி ரோட்டில் கரும்புச்சாறு பிழிகிறவர் குரோசே.
நொய்யல் பாலத்தில் பைக்கின் பின்னால்
வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு போனவன் குரோசே.
பெருந்துறை பஸ்ஸில் ஒருத்தரிடம் கேட்டேன்,
இது யாருங்க?
குனிந்து வயிற்றைப் பார்த்துவிட்டு
"கம்பெனி பேருங்க" என்றார்.

ஆடியில் சேதி வந்தது.
வேற காலேஜுக்குப் போயிட்டான், சின்னது,
டிவியில் வராது.
பச்சைத் துணி. நாற்பது பீஸ்.
"நாப்பதுக்கெல்லாம் மெஷினைச் சூடு பண்ணோணுமா?"
கிட்டுசாமி முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.
ஸ்கேல் வைத்து ஒட்டினேன், ஒவ்வொன்றாய்.
ஏழாவது முதுகை விரித்து
ஆறு எழுத்தையும் அடுக்கினேன்,
கரண்ட் போனது.

சுதாம் டீக்குப் போய்விட்டான்.
நூற்றைம்பது, நூற்றுமுப்பது,
சூடு இறங்கிக்கொண்டிருக்கும்.
மெஷினுக்கு ஓரமாய் நான் மட்டும் நின்றேன்,
விரல்களை மடக்கி, நீட்டி,
மடக்கி.